குடித்தது ஏரித் தண்ணீர்

என் பெயர், தகப்பனார் பெயர், கடவுச்சீட்டு எண், வீட்டு விலாசம் ஆகியவை தனித்தாளில் எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. அவை சரி. வயது அறுபத்தொன்று. திருமணம் ஆகவில்லை. தொழில் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன். எங்கள் ஊரில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே தட்டச்சு நிலையமும் நகல் எடுக்கும் கடையும் சேர்த்து நடத்துகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். தட்டச்சை யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, நானே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மனு, ஒப்பந்தம், வாக்குமூலம் என்று இத்தனை காலம் அடுத்தவர் சொன்னதை அடித்துக் கொடுத்தவள், என் சொல்லை ஒரு தாளில் ஏற்றுங்கள் என்று கேட்பது இதுவே முதல் தடவை. நேற்று ஏரிக்கரையிலேயே கேட்டேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் இன்று இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, எழுதிக்கொள்ளும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறேன்.

இது என் அண்ணன் மகளைப் பற்றியது. வயது இருபத்திரண்டு, கல்லூரி மாணவி. விசாரணை முடியும்வரை அவள் பெயரை எழுத வேண்டாம் என்று அதிகாரி கூறியதால் அண்ணன் மகள் என்றே சொல்கிறேன். உடன் வந்த இருவரும் அவளோடு ஒரே வகுப்பில் படிப்பவர்கள். ஒருத்தியைச் சிட்டு என்றும், மற்றவனை அவன் உயரத்துக்காக ஒட்டகம் என்றும் அவர்கள் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். அவர்கள் யாரும் மதுவைத் தொடுகிறவர்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது எனக்குத் தெரியாது. நேற்று ஏரியில் இறங்கும்போது அண்ணன் மகள் குடித்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்கிறேன்.

இந்த நாட்டில் மேற்படிப்புக்கு அண்ணன் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. படிப்பு தொடங்குவதற்குள் கல்லூரியையும் ஊரையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நண்பர்கள் மூவரும் வார இறுதியில் எல்லை தாண்டி வரத் திட்டமிட்டார்கள். என் அண்ணனுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண் இவள். "அத்தை கூட வந்தா போ, இல்லன்னா வீட்ல கெட" என்று அண்ணன் சொல்லிவிட்டார். எனக்குக் கடையில் வேலை தலைக்கு மேல் இருந்தது. அந்த இரண்டு நாட்களும் எனக்கு நஷ்டம். இருந்தாலும் வந்தேன். பேருந்தில் என்னை ஜன்னல் ஓரம் உட்காரவைத்துவிட்டு மூவரும் பின்னால் போய்விட்டார்கள். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் ஊர் வந்து சேர்ந்து, விடுதி அறையில் பைகளை வைத்துவிட்டு, ரொட்டியும் பழமும் வாங்கிச் சாப்பிட்டோம். கல்லூரிக்கு மாலையில் போகலாம், அதற்குள் ஏரியைப் பார்த்துவிடலாம் என்று அண்ணன் மகள் கூறினாள். நால்வரும் நடந்தே போனோம். படகுத்துறையில் துடுப்புப் படகுகளும், வாத்து வடிவத்தில் செய்த மிதிபடகுகளும் கட்டியிருந்தன. சிட்டுக்குத் தண்ணீர் என்றாலே பயம். "நான் வரல, என்ன வேணா சொல்லிக்கோ" என்று கரையிலேயே நின்றுவிட்டாள். ஒட்டகம் தண்ணீர் போத்தல் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். அண்ணன் மகள், "ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன் அத்தை" என்று சொல்லிவிட்டுப் படகுக்காரரிடம் தனியாக ஒரு துடுப்புப் படகு கேட்டாள். கரையோரம் கவிழ்த்துப் போட்டிருந்த படகு ஒன்றை அவர் நிமிர்த்தித் தண்ணீரில் தள்ளிக் கொடுத்தார். உயிர்காப்பு அங்கி கொடுத்தார், அதை அவள் மாட்டிக்கொண்டாள். இதை அவர் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இது அவருக்குச் சாதகமானது.

அதன் பிறகு அவள் துடுப்பு போட்டு ஏரியின் நடுப்பகுதிவரை போனாள். நேராகவே போனாள். திரும்பிப் பார்த்து எனக்குக் கையும் காட்டினாள். அதன் பிறகு படகு தாழ்ந்தது. முதலில் அவள் குனிந்து எதையோ தேடுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு இரண்டு கைகளாலும் படகிலிருந்து தண்ணீரை அள்ளி வெளியே கொட்டுவது தெரிந்தது. அதன் பிறகு எழுந்து நின்றாள். நின்றதும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து அவள் ஏரிக்குள் விழுந்தாள். மூழ்கி எழுந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அங்கி இருந்ததால் மிதந்தாள். ஆனால் தண்ணீர் மிகவும் குளிராக இருந்தது, அலை முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் கூப்பிடுவது கரைவரை கேட்டது.

நான் படகுக்காரரைத் தேடினேன். அவர் கொட்டகையில் இல்லை. சிட்டு தன் கைப்பேசியில் அவசர உதவி எண்ணை அழைத்தாள். இந்த ஊர் மொழி எங்கள் நால்வருக்குமே தெரியாது. சிட்டு பள்ளியில் படித்த ஆங்கிலம் அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை. "தமிழ், தமிழ்" என்று கத்தினாள். அதன் பிறகு மறுமுனையில் தமிழ் பேசும் ஒருவரை இணைத்தார்கள். அவள் பக்கத்தில் நின்றபடி அவள் பேசியதை நான் கேட்டேன். மறுமுனையில் பேசியதும், அவள் ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால், எனக்குக் கேட்டது. அந்தப் பேச்சு எனக்கு நினைவிருக்கிறபடி இது:

"என் ஃபிரண்டு தண்ணியில இருக்கா! சீக்கிரம் யாரையாவது அனுப்புங்க!"

"பதட்டப்படாம சொல்லுங்க. எவ்ளோ நேரமா?"

"இப்பதான். கொஞ்ச நேரமா. நிறைய தண்ணி குடிச்சிட்டா!"

"நினைவு இருக்கா அவங்களுக்கு?"

"இருக்கு, கத்துறா, கையைக் காலை அடிக்கிறா. நிக்க முடியல அவளால!"

"கூட யாரும் இல்லையா?"

"தனியா போயிட்டா. நான் வேணாம் வேணாம்னு சொன்னேன், கேக்கல!"

"எந்த இடம்?"

"ஏரி, படகுத்துறைகிட்ட."

"சரி, ஆள் வர்றாங்க. அவங்க பக்கத்துலயே இருங்க."

பக்கத்திலேயே இருங்கள் என்று அவர் சொன்னது எனக்கு அப்போதே வினோதமாகப் பட்டது. ஏரி நடுவே இருப்பவள் பக்கத்தில் எப்படி இருப்பது? ஆனாலும் ஆள் வருகிறார்கள் என்றதால் படகோடு வருவார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் வரும்வரை காத்திருக்க நான் தயாராக இல்லை. ஒட்டகம் போத்தலோடு ஓடி வந்தான். வாத்துப் படகு ஒன்றின் கயிற்றை அவிழ்த்து நான் ஏறினேன். அனுமதி கேட்கவில்லை. கேட்க ஆள் இல்லை. அதற்கு அபராதம் உண்டு என்றால் என் பெயரில் எழுதிக்கொள்ளலாம். "அத்தை, நீங்க எறங்குங்க, நான் போறேன்" என்று ஒட்டகம் கூறினான். "ஒத்த ஆளு மிதிச்சா இது சுத்திச் சுத்தித்தான் வரும், ஏறுடா" என்றேன். இருவரும் மிதித்தோம். அவன் கால் நீளத்துக்கு முழங்கால் மோவாயில் இடித்தது. என் பக்கம் வேகம் போதாமல் வாத்து என் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. அவன் ஒரு கையால் தண்ணீரைத் துழாவி நேர்ப்படுத்தினான். போய்ச் சேர்ந்தபோது அண்ணன் மகளின் உதடு நீலமாக இருந்தது. விரல்கள் விளிம்பைவிட்டு வரவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். "அத்தை, வாத்துலயா வந்தீங்க" என்று அவள் கேட்டாள். போதையில் இருப்பவள் கேட்கிற கேள்வியா அது, தெளிவாக இருப்பவள் கேட்கிற கேள்வியா என்று அதிகாரியே முடிவு செய்யலாம். அதன் பிறகு ஒட்டகம் அவளை மேலே இழுத்துப் போட்டான், கரைக்குத் திரும்பினோம்.

இனி வருவதை வரிசை மாறாமல் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். கரைக்கு வந்ததும், ஏரியோரச் சிற்றுண்டிக் கடையை நடத்தும் அம்மாள் ஓடிவந்து அண்ணன் மகளை உள்ளே கூட்டிப் போய் அடுப்பருகே உட்காரவைத்தார். தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார். சூடான தேநீர் கொண்டுவந்தார். கொடுப்பதற்கு முன் அலமாரியிலிருந்து ஒரு தட்டையான புட்டியை எடுத்து அதிலிருந்து ஒரு மூடி அளவு தேநீரில் ஊற்றினார். அது என்ன என்று வாசனையிலேயே எனக்குத் தெரிந்தது. நான் தடுக்கவில்லை. அந்த அம்மாள் நல்லெண்ணத்தில் செய்தார், அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்லவே கடமைப்பட்டிருக்கிறேன். அண்ணன் மகளுக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. என்ன குடிக்கிறோம் என்று தெரியாமலே குடித்து முடித்தாள். இது ஏரியிலிருந்து வெளியே வந்த பிறகு நடந்தது.

அதன் பிறகுதான் ரோந்துக் காவலர்கள் இருவர் வந்தார்கள். படகு இல்லை, கயிறு இல்லை. ஒருவர் கையில் மூச்சைச் சோதிக்கும் கருவி இருந்தது. நடந்தே வந்தார்கள், ஓடி வரவில்லை. அண்ணன் மகளை ஊதச் சொன்னார்கள். ஊதினாள். கருவி சத்தம் போட்டது. போடாமல் என்ன செய்யும்? அதற்குள் படகுக்காரரும் வந்து, முக்கால்வாசி மூழ்கியிருந்த படகை வேறு படகில் கட்டி இழுத்துக் கரையில் போட்டார். படகின் அடிப்பகுதியில், பின்பக்கமாக, தேங்கும் நீரை வடிக்க ஒரு துளை இருக்கிறது. அதை ஒரு தக்கையால் அடைத்திருக்க வேண்டும். தக்கை இல்லை. கவிழ்த்துப் போட்டபோது கழற்றியதைத் திரும்பப் பொருத்தாமல் தள்ளிக் கொடுத்திருக்கிறார். நான் ஒரு காவலரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், என் கட்டைவிரலை அந்தத் துளைக்குள் விட்டுக் காட்டினேன். அவர் தலையசைத்தார். என் தோளை மெதுவாகத் தட்டினார். பிறகு என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, போர்வை போர்த்திவிட்டுப் போனார். நேற்றைய பதிவில் என்னைப் பற்றி "உடன் ஒரு முதிய பெண், அதிர்ச்சியில் இருந்தார்" என்று எழுதியிருப்பதாக இன்று அறிகிறேன். நான் அதிர்ச்சியில் இல்லை. கோபத்தில் இருந்தேன்.

காவலர்கள் அண்ணன் மகளின் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு, இன்று காலை இந்த நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். கல்லூரிக்குப் போகவில்லை. விடுதியில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஊருக்குப் போன் செய்யலாம் என்றேன். "அப்பாவுக்கு மட்டும் வேணாம் அத்தை, தெரிஞ்சா என்னை வெளியவே அனுப்பமாட்டாரு" என்று அண்ணன் மகள் கூறியதால் செய்யவில்லை.

இன்று காலை விசாரணை அதிகாரியின் அறையில் எங்களை உட்காரவைத்தார்கள். அதிகாரி ஒரு பெண்மணி. மரியாதையாகவே பேசினார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இருந்தார், முப்பது வயது இருக்கும். குடிபோதையில் படகு எடுத்து விபத்து உண்டாக்கியவர்களின் விவரம் அனுமதி அலுவலகத்துக்குப் போகும் என்றும், போனால் அண்ணன் மகளின் படிப்பு அனுமதி ரத்தாகும் என்றும், பிறகு சில ஆண்டுகளுக்கு இந்த நாட்டுக்குள் வர முடியாது என்றும், கோப்பு நாளைக் காலை போகிறது என்றும் அதிகாரி கூறியதாக அவர் எங்களுக்குச் சொன்னார்.

அண்ணன் மகள், தான் குடிக்கவில்லை என்று சொன்னாள். அதற்கு மொழிபெயர்ப்பாளர், "உங்க ஃபிரண்டே சொல்லியிருக்காங்களே. நல்லா குடிச்சிருக்காங்க, நிக்க முடியலன்னு. போன்ல பதிவாகியிருக்கு" என்றார்.

சிட்டு எழுந்து நின்றுவிட்டாள். "நான் எங்கண்ணா அப்படி சொன்னேன்? தண்ணியில இருக்கான்னுதானே சொன்னேன்! தண்ணி குடிச்சிட்டான்னு சொன்னேன்! ஏரித் தண்ணிய!"

அப்போது மொழிபெயர்ப்பாளரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவள் என்ன சொன்னாள் என்று அதிகாரி அவரிடம் கேட்டார். அவர் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி மறுபடி கேட்டார்.

"தம்பி, அவங்க ஏதோ கேக்குறாங்க. சொல்லு" என்றேன்.

"அம்மா, அந்தப் போன்ல இருந்தது நான்தான்" என்று அவர் தமிழில் என்னிடம் கூறினார்.

"அதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவங்ககிட்ட சொல்லு."

"என் வேலை போயிடும்மா."

"இவ படிப்பு போயிடும். ரெண்டையும் வச்சுப் பார்த்துட்டு நீயே சொல்லு."

நான் அவரை மிரட்டவில்லை. அதற்கு மேல் ஒன்றும் பேசவும் இல்லை. அவர் அதிகாரியிடம் திரும்பி நிறைய நேரம் பேசினார். பிறகு தான் பேசியதை எங்களுக்குத் தமிழில் சொன்னார். தான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றும், தமிழ் வீட்டில் கேட்டுக் கற்றதுதான் என்றும் கூறினார். "எங்க மாமா குடிப்பாரு. அவரு கதவைத் தட்டும்போதெல்லாம் அம்மா 'தண்ணியில வந்திருக்கான், நீ உள்ள போ'ன்னு சொல்வாங்க. தண்ணியிலன்னா எனக்கு அதுதாம்மா. ஏரின்னு அவங்க சொன்னதும் ஏரிக்கரையில விழுந்து கெடக்காங்கன்னு நெனச்சேன்" என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரே சொல்லுக்கு இந்த இரண்டு அர்த்தமும் இருப்பது உங்களுக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது என்றும், மொழிபெயர்ப்பாளரும் உங்கள் மொழிக்காரர்தானே என்றும், அழைப்பின் பதிவை முறைப்படி வரவழைத்து வேறொருவரைக் கொண்டு கேட்கச் சில வாரங்கள் ஆகும் என்றும் கூறினார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதனால் நான் ஒரு வழி சொன்னேன். ஊரில் இருக்கும் என் அண்ணனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவரை இப்போதே இந்த மேசையிலிருந்து கூப்பிடுகிறேன், சிட்டு சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்கிறேன், அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள் என்றேன்.

அண்ணன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, வேணாம். இவங்க விட்டாலும் அப்பா விடமாட்டாரு. எல்லாம் இன்னைக்கே முடிஞ்சிடும்."

"இது கோப்புல போச்சுன்னா நாளைக்கு முடிஞ்சிடும். உங்கப்பன்கூட நாம சண்டை போடலாம், கோப்புகூட சண்டை போட முடியாது" என்று சொல்லி எண்ணை அழுத்தினேன். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்கக் கூடாது என்று அதிகாரி சைகை காட்டினார். ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"என்னம்மா, காலேஜெல்லாம் பாத்தாச்சா?" என்றார் அண்ணன்.

"அண்ணே, நேத்து உன் பொண்ணு தண்ணியில இருந்தா" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அண்ணன், "யாரு, நம்ம பொண்ணா? தண்ணியா? என்னத்தக் குடிச்சா, பீரா பிராந்தியா? யாரு வாங்கிக் குடுத்தது, கூட வந்தானே அந்த நெட்டைக் கொக்கு, அவனா? நீ அங்க என்னம்மா பண்ணிட்டிருந்த, பாட்டு கேட்டுட்டிருந்தியா?" என்றார்.

"கொக்கு இல்ல மாமா, ஒட்டகம்" என்று ஒட்டகம் என் பின்னாலிருந்து முணுமுணுத்தான்.

பீர், பிராந்தி என்ற இரண்டு சொற்களையும் அதிகாரி மொழிபெயர்ப்பாளர் உதவி இல்லாமலே புரிந்துகொண்டார். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. என்னைப் பார்த்தார், பிறகு கைப்பேசியைப் பார்த்தார். அதன் பிறகு தன் வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன்.

"அண்ணே, கேளு. ஏரியில விழுந்துட்டா. நெஜத் தண்ணி. நீ நெனைக்கிற தண்ணி இல்ல" என்றேன்.

"உயிரோட இருக்காளா?"

"எதிர்லதான் நிக்கிறா."

"அப்பா" என்று அண்ணன் மகள் கூப்பிட்டாள். அண்ணன் மூக்கை உறிஞ்சுவது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அதன் பிறகு நான் எதிர்பார்த்ததையே சொன்னார். "அந்த ஊரும் வேணாம், அந்தப் படிப்பும் வேணாம். இருக்கிற வண்டியில ஏறிக் கெளம்பி வாங்க."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் மகள் கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் தன் தகப்பனாரை எதிர்த்து ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை.

"இல்லப்பா. நான் இங்கதான் படிக்கப் போறேன். நான் தப்பு எதுவும் பண்ணல. அதைச் சொல்லத்தான் அத்தை உங்களைக் கூப்பிட்டாங்க. நீங்களே வேணாம்னா, தப்பு பண்ணினேன்னு இவங்க எழுதினதுக்கு நீங்க கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்."

இணைப்பு போய்விட்டதோ என்று ஒட்டகம் எட்டிப் பார்த்தான். "நீச்சல் ஒழுங்காக் கத்துக்கிறேன்ப்பா" என்றும் அண்ணன் மகள் சொன்னாள்.

"காலேஜைப் பாத்தியா?" என்று அண்ணன் கேட்டார்.

"இன்னும் இல்லப்பா."

"அதைப் பாக்கத்தானே போனீங்க. பாக்காம வந்து என்னத்துக்கு? பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதன் பிறகு அதிகாரி சிற்றுண்டிக் கடைக்குத் தொலைபேசியில் பேசினார். தேநீரில் ஊற்றியது தான்தான் என்றும், அந்தப் பெண் நனைந்து நடுங்கி வந்த பிறகே ஊற்றியதாகவும், அதற்குத் தன்னைச் சிறையில் போடுவதானால் போடட்டும் என்றும் அந்த அம்மாள் சொன்னதாக அதிகாரி தெரிவித்தார். எனக்கு அந்த அம்மாளைப் பிடித்திருக்கிறது. படகின் அடித்துளையையும் இன்று ஆள் அனுப்பிப் படம் எடுக்க அதிகாரி சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு என் வாக்குமூலத்தை எழுத வேறொரு மொழிபெயர்ப்பாளரை வரவழைக்கிறேன் என்று அதிகாரி கூறினார். நான் மறுத்தேன். தவறாகக் கேட்டவர் யாரோ, அவரே சரியாக எழுதட்டும் என்றேன். இவர் இதில் சம்பந்தப்பட்டவர், விதிப்படி கூடாது என்று அதிகாரி கூறினார். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில், இவர் தமிழில் எழுதலாம், அதை இன்னொருவர் சரிபார்த்து இவர்கள் மொழியில் மாற்றிய பிறகே கோப்பில் சேரும் என்று ஏற்றுக்கொண்டார். அது நியாயம்.

இவர் எழுதும்போது ஒரு இடத்தில் எங்களுக்குள் தகராறு வந்தது, அதையும் பதிவு செய்யச் சொல்கிறேன். சிட்டு பேசியதை இவர் "என் தோழி நீரில் இருக்கிறாள்" என்று எழுதினார். அவள் அப்படிச் சொல்லவில்லை, அடியுங்கள் என்றேன். "தண்ணியிலன்னு எழுதினா மறுபடியும் யாராவது தப்பா எடுத்துப்பாங்கம்மா" என்றார். நல்ல பையன்தான், ஆனால் பயம் வந்ததும் எல்லோரையும் போலச் சொல்லை அலங்கரிக்கிறார். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுது, அது என்ன அர்த்தம் என்பதை நான் சொல்கிறபடி கீழே எழுது என்றேன். எழுதினார். அது வருமாறு: சனிக்கிழமை பிற்பகல் என் அண்ணன் மகள் ஏரியின் தண்ணீருக்குள், கழுத்தளவு, முழு நினைவோடு, உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். அவள் குடித்தது ஏரித் தண்ணீர். மற்றது எதுவானாலும் அதன் பிறகு குடித்தது.

இந்த மொழிபெயர்ப்பாளர் மேல் எனக்குப் புகார் இல்லை. சொந்தத் தகப்பனே முதலில் அப்படித்தான் கேட்டார். பெற்றவருக்கே அப்படிக் கேட்ட ஒரு சொல்லை இவர் அப்படிக் கேட்டதற்காக இவர் வேலையைப் பறிக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். இனி அவசர அழைப்பில் "ஆற்றிலா, ஏரியிலா, கிணற்றிலா, மதுவிலா" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கும்படி மட்டும் இவருக்குச் சொன்னால் போதும். படகுக்காரர் மேல் எனக்குப் புகார் உண்டு. அதைத் தனியாகத் தருகிறேன். "முதிய பெண், அதிர்ச்சியில்" என்று எழுதியதையும் திருத்த வேண்டும்.

மேலே எழுதியிருப்பது முழுவதும் எனக்குத் தமிழில் இரண்டு முறை படித்துக் காட்டப்பட்டது. நானும் ஒருமுறை கண்ணால் படித்து, மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். நான் பார்த்ததையும் கேட்டதையும் தவிர வேறு எதுவும் இதில் இல்லை. யாரும் என்னைத் தூண்டவில்லை, தூண்டினால் பேசுகிற ஆளும் நான் இல்லை. இது உண்மை என்று சொல்லிக் கையொப்பம் இடுகிறேன்.

(கையொப்பம்) மாணவியின் அத்தை, தட்டச்சாளர்

எழுதியவரின் சான்று: மேற்கண்டதை அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதியவன் நான். நேற்றைய அவசர அழைப்பில் "தண்ணியில இருக்கா" என்று அழைத்தவர் சொன்னதை, குடிபோதையில் இருக்கிறாள் என்று மாற்றிச் சொன்னவனும் நானே. அந்த மொழிபெயர்ப்பு தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன்.

(கையொப்பம்) மொழிபெயர்ப்பாளர்

விசாரணை அதிகாரி சொல்ல, மொழிபெயர்ப்பாளர் எழுதிய குறிப்பு: குடிபோதை என்ற முந்தைய பதிவு நிறுத்திவைக்கப்படுகிறது. கோப்பு நாளை அனுமதி அலுவலகத்துக்குப் போகாது. கடவுச்சீட்டு மாணவியின் கையிலேயே திருப்பிக் கொடுக்கப்பட்டது. கல்லூரி வளாகம் ஞாயிற்றுக்கிழமையும் மாலைவரை திறந்திருக்கும் என்று சொல்லி, நால்வருக்கும் வழி வரைந்து கொடுக்கப்பட்டது.

(கையொப்பம்) விசாரணை அதிகாரி